பைண்ட் பெயர் வழங்கிக்கு ஸோன் கோப்பு எழுதுதல்: ஒரு செய்முறை வழிகாட்டி

ஒரு டொமைனுக்கு உரிய முகவரிகளையும் அஞ்சல் வழிகளையும் உலகத்துக்கு அறிவிக்கும் உரைக்கோப்பையே ஸோன் கோப்பு என்கிறோம். டிஎன்எஸ் எனும் பெயர்த்தேடல் முறையில், அதைப் படித்துக் கேள்விகளுக்கு விடையளிக்கும் மென்பொருளே பெயர் வழங்கி; பைண்ட் அவற்றுள் ஒன்று. ஸோன் கோப்பின் வடிவம் 1987 நவம்பரில் வெளியான ஆர்எஃப்சி 1035 என்ற இணையத் தர ஆவணத்தில் வரையறுக்கப்பட்டது. பால் மொக்கபெட்ரிஸ் எழுதிய அந்த ஆவணத்தின் இலக்கணமே இன்றும் நடைமுறையில் இருப்பதால், பைண்டுக்காக எழுதிய கோப்பை என்எஸ்டி, நாட் போன்ற பிற பெயர் வழங்கி மென்பொருள்களும் பெரும்பாலும் அப்படியே படித்துவிடும். டொமைன் விற்கும் நிறுவனங்களின் இணையப் பலகையில் கட்டங்களை நிரப்பி வேலையை முடிப்பவர்களுக்கு இந்தக் கோப்பு கண்ணில் படுவதே இல்லை. சொந்தமாகப் பெயர் வழங்கி நடத்தும் கல்லூரிகள், இணையச் சேவை நிறுவனங்கள், அலுவலகங்கள் ஆகியவற்றின் நிர்வாகிகளுக்கோ இது அன்றாட வேலை.

இந்தக் கோப்பில் நேரும் பிழைகள் இரு வகைப்படும். இலக்கணம் பிசகி, வழங்கி ஏற்க மறுக்கும் பிழை ஒன்று. அது உடனே தெரிந்துவிடும் என்பதால் அதனால் பெரிய தீங்கில்லை. இலக்கணம் சரியாக இருந்து, பொருள் மட்டும் நாம் நினைத்ததற்கு மாறாக அமைந்துவிடும் பிழை மற்றொன்று. அதை வழங்கி எந்த முணுமுணுப்பும் இல்லாமல் ஏற்றுக்கொண்டு, கேட்பவர்களுக்கெல்லாம் தவறான விடையை அதிகாரபூர்வமாகவே வழங்கும். கீழே சொல்லப்படும் முறைகளில் பெரும்பகுதி இந்த இரண்டாம் வகையைத் தடுப்பதற்கானது.

ஒரு குறிப்பு: கட்டளைகளும் பதிவு வகைகளும் கோப்புப் பெயர்களும் இங்கே தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன. கோப்பில் தட்டச்சு செய்யும்போது அவற்றுக்குரிய ஆங்கில எழுத்துகளையே இட வேண்டும். எடுத்துக்காட்டுகளில் வரும் 192.0.2, 198.51.100 என்று தொடங்கும் முகவரிகள் விளக்க ஆவணங்களுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. உங்கள் முகவரிகளை அங்கே பொருத்திக்கொள்ளுங்கள்.

கோப்பு இருக்கும் இடமும் அறிவிப்பும்

டெபியன், உபுண்டு அமைப்புகளில் பைண்டின் அமைப்புக் கோப்புகள் எட்ஸி அடைவுக்குள் பைண்ட் என்ற உள்ளடைவில் இருக்கும். நமது ஸோனுக்கான அறிவிப்பை அங்குள்ள 'நேம்டு.கான்ஃப்.லோக்கல்' கோப்பில் சேர்ப்பது வழக்கம். ரெட் ஹேட் குடும்பத்தில் அறிவிப்பு எட்ஸி அடைவிலுள்ள 'நேம்டு.கான்ஃப்' கோப்பிலும், ஸோன் கோப்புகள் வார் அடைவுக்குள் நேம்டு என்ற உள்ளடைவிலும் அமையும். அறிவிப்பில் ஸோனின் பெயர், வழங்கி அதற்கு முதன்மையா (கோப்பைத் திருத்தும் இடம்) துணையா (அதிலிருந்து நகல் எடுத்து விடையளிப்பது) என்ற வகை, கோப்பின் பெயர், நகல் எடுக்க யாருக்கு அனுமதி என்ற நான்கும் இருந்தால் போதும். முதன்மை வழங்கியைப் பழைய பதிப்புகளில் 'மாஸ்டர்' என்றும் புதியவற்றில் 'பிரைமரி' என்றும் குறிப்பிடுவார்கள்.

நகல் எடுக்கும் அனுமதியை, அதாவது 'அலவ்-டிரான்ஸ்ஃபர்' என்ற வரியை, விட்டுவிடக் கூடாது. பைண்டின் பதிப்புகள் பல ஆண்டுகளாக, இந்த வரி இல்லாவிட்டால் கேட்பவர் யாராக இருந்தாலும் முழு ஸோனையும் எடுத்துக் கொடுத்து வந்தன. துணை வழங்கிகளின் முகவரிகளை மட்டும் அங்கே குறிப்பிடுங்கள். இயன்றால் முகவரியோடு டிசிக் சாவியையும், அதாவது இரு வழங்கிகளும் பகிர்ந்துகொள்ளும் இரகசியச் சாவியையும், கட்டாயமாக்குங்கள். 'டிசிக்-கீஜென்' என்ற கட்டளை அந்தச் சாவியை உருவாக்கித் தரும்.

கைப்பழக்கத்தால் நேரும் ஒரு குழப்பத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். அமைப்புக் கோப்பில் அரைப்புள்ளி என்பது கூற்றை முடிக்கும் குறி. அதை விட்டால் கோப்பே ஏறாது. ஸோன் கோப்பில் அதே அரைப்புள்ளி குறிப்புரையின் தொடக்கம்; அதற்குப் பின் அந்த வரியில் இருப்பதையெல்லாம் வழங்கி படிக்காமல் கடந்துவிடும். இரண்டு கோப்புகளையும் அடுத்தடுத்துத் திறந்து வேலை செய்பவர் இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. இதன் விளைவைப் பின்னால் பார்ப்போம்.

ஒரு முழுக் கோப்பு

முதலில் கோப்பை முழுதாகப் பார்த்துவிட்டு, பிறகு வரிவரியாகப் போகலாம்.

$டிடிஎல் 3600
@ ஐஎன் எஸ்ஓஏ என்எஸ்1.உதாரணம்.காம். ஹோஸ்ட்மாஸ்டர்.உதாரணம்.காம். (
    2025061001 ; சீரியல் எண்
    7200 ; புதுப்பிப்பு இடைவெளி
    1800 ; மறுமுயற்சி இடைவெளி
    1209600 ; காலாவதி
    3600 ) ; 'இல்லை' என்ற விடையின் ஆயுள்
    ஐஎன் என்எஸ் என்எஸ்1.உதாரணம்.காம்.
    ஐஎன் என்எஸ் என்எஸ்2.உதாரணம்.காம்.
    ஐஎன் எம்எக்ஸ் 10 மெயில்.உதாரணம்.காம்.
    ஐஎன் ஏ 192.0.2.10
    ஐஎன் டிஎக்ஸ்டி "வி=எஸ்பிஎஃப்1 எம்எக்ஸ் -ஆல்"
என்எஸ்1 ஐஎன் ஏ 192.0.2.2
என்எஸ்2 ஐஎன் ஏ 198.51.100.2
மெயில் ஐஎன் ஏ 192.0.2.20
வெப் ஐஎன் ஏ 192.0.2.10
ஷாப் ஐஎன் சிநேம் வெப்

ஒவ்வொரு வரியும் பெயர், வகுப்பு, பதிவு வகை, மதிப்பு என்ற வரிசையில் செல்கிறது. 'ஐஎன்' என்பது இணைய வகுப்பைக் குறிக்கிறது. வேறு வகுப்பை நீங்கள் எழுத வேண்டிய தேவை அநேகமாக வராது. பதிவு வகைகளில் எஸ்ஓஏ ஸோனின் நிர்வாக விவரங்களையும், என்எஸ் பெயர் வழங்கிகளையும், எம்எக்ஸ் அஞ்சல் வழங்கியையும், ஏ ஐபி முகவரியையும், டிஎக்ஸ்டி உரையையும், சிநேம் மாற்றுப்பெயரையும் தரும். பெயருக்கும் வகைக்கும் இடையில் ஓர் எண்ணை இட்டால், அது அந்தப் பதிவுக்கு மட்டுமான டிடிஎல், அதாவது பிறர் அந்த விடையை எத்தனை நொடிகள் சேமித்து வைக்கலாம் என்ற அளவு. இடாத பதிவுகளுக்கு மேலே உள்ள $டிடிஎல் வரியின் மதிப்பு பொருந்தும். @ என்ற குறி ஸோனின் பெயரையே சுட்டும். அந்தப் பெயர் கோப்பில் எங்கும் எழுதப்படவில்லை என்பதையும், அமைப்புக் கோப்பிலுள்ள அறிவிப்பிலிருந்து அது பெறப்படுகிறது என்பதையும் கவனியுங்கள். வேண்டுமானால் $ஆரிஜின் என்ற வரியால் கோப்பின் நடுவிலும் அதை மாற்றலாம். அப்படி மாற்றினால் அதற்குக் கீழே வரும் சுருக்கப் பெயர்கள் எல்லாவற்றின் பொருளும் மாறிவிடும் என்பதால், சிறிய ஸோன்களில் அந்த வரியைத் தவிர்ப்பதே என் விருப்பம்.

முற்றுப்புள்ளி

புள்ளியில் முடியாத எந்தப் பெயரையும் வழங்கி முழுமையற்றதாகக் கருதி, அதன் பின்னால் ஸோனின் பெயரை ஒட்டிக்கொள்ளும். மேலே கடைசி வரியில் 'வெப்' என்று மட்டும் எழுதியிருப்பது இந்த விதியைப் பயன்படுத்தித்தான்; அது வெப்.உதாரணம்.காம். என விரியும். அதே இடத்தில் 'வெப்.உதாரணம்.காம்' என்று முழுப்பெயரை எழுதிவிட்டுக் கடைசிப் புள்ளியை மறந்தால், அது வெப்.உதாரணம்.காம்.உதாரணம்.காம். என்றாகிவிடும். இலக்கணப்படி இதில் ஒரு குற்றமும் இல்லை. கோப்பு ஏறும், வழங்கி விடையளிக்கும். ஷாப் என்ற தளத்துக்கு வருபவர்கள் மட்டும் இல்லாத ஒரு பெயரை நோக்கி அனுப்பப்படுவார்கள்.

இது புதியவர்களின் தவறு என்று ஒதுக்கிவிட முடியாது. 2009 அக்டோபர் 12 அன்று சுவீடனின் நாட்டு டொமைனான .எஸ்இ முழுவதும் செயலிழந்தது. ஸோனைப் புதுப்பிக்கும் நிரலில் நேர்ந்த பிழையால் பதிவுகளின் இறுதியில் வர வேண்டிய புள்ளி விடுபட்டதே அதற்குக் காரணம். அந்த நாட்டு டொமைனின் கீழ் அப்போது சுமார் 9 லட்சம் பெயர்கள் இருந்தன. திருத்திய கோப்பு விரைவிலேயே வெளியாகிவிட்டாலும், தவறான விடைகளை அதற்குள் சேமித்து வைத்துவிட்ட இணையச் சேவை நிறுவனங்களின் ரிசால்வர்களில் (பயனர்களுக்காகப் பெயர்களைத் தேடித் தரும் வழங்கிகளில்) பாதிப்பு மேலும் நீடித்தது.

கையாள எளிய நடைமுறை ஒன்று உண்டு. வரியின் இடப்பக்கத்தில் எப்போதும் சுருக்கப் பெயரையும், வலப்பக்கத்தில் எப்போதும் புள்ளியுடன் கூடிய முழுப்பெயரையும் எழுதுவது என்று ஒரு முறைமையை வைத்துக்கொண்டால், புள்ளியில்லாத வலப்பக்கம் கண்ணில் உறுத்தும். மேலே ஷாப் வரியில் நான் இதை மீறியிருப்பது விதியை விளக்குவதற்காக மட்டுமே.

வரியின் தொடக்கத்தில் விடப்படும் வெற்றிடத்துக்கும் பொருள் உண்டு. பெயர் எழுதாமல் வெற்றிடத்தோடு தொடங்கும் வரி, தனக்கு முந்தைய வரியின் பெயரையே எடுத்துக்கொள்ளும். மேலே என்எஸ், எம்எக்ஸ் வரிகள் @ என்ற பெயருக்கு உரியவையானது இப்படித்தான். 'வெப்' என்ற பெயருக்கு ஏ பதிவும், அதன் கீழே வெற்றிடத்தோடு ஐபிவி6 முகவரிக்கான ஏஏஏஏ பதிவும் இருப்பதாகக் கொள்வோம். யாரோ ஒருவர் அவ்விரண்டு வரிகளுக்கும் நடுவில் 'எஃப்டிபி' என்ற புதுப் பெயரைச் செருகினால், வெப்பின் ஐபிவி6 முகவரி சத்தமில்லாமல் எஃப்டிபியின் உடைமையாகிவிடும். பலர் கைவைக்கும் கோப்பாக இருந்தால், எஸ்ஓஏவை ஒட்டிய முதல் சில வரிகளைத் தவிர மற்ற எல்லா வரிகளிலும் பெயரை மீண்டும் எழுதிவிடுவது பாதுகாப்பு.

எஸ்ஓஏ பதிவும் சீரியல் எண்ணும்

எஸ்ஓஏவில் முதலில் வருவது முதன்மை வழங்கியின் பெயர். அடுத்து வருவது பொறுப்பாளரின் மின்னஞ்சல். கோப்பில் @ குறிக்கு வேறு பொருள் இருப்பதால் மின்னஞ்சலில் அந்த இடத்தில் புள்ளி இடப்படுகிறது. மின்னஞ்சலின் முற்பகுதியிலேயே புள்ளி இருந்தால் அதற்கு முன் ஒரு பின்சாய்கோடு இட வேண்டும். தனிநபர் முகவரியை விட 'ஹோஸ்ட்மாஸ்டர்' என்ற பொது முகவரியை வைத்து, அதற்கு வரும் அஞ்சலை ஒருவர் உண்மையிலேயே படிக்குமாறு ஏற்பாடு செய்யுங்கள்.

அடைப்புக்குள் உள்ள ஐந்து எண்களில் சீரியல் எண்ணே நாள்தோறும் தொட வேண்டியது. துணை வழங்கிகள் அதைப் பார்த்துத்தான் ஸோன் மாறியிருக்கிறதா என முடிவு செய்கின்றன. நீங்கள் கோப்பைத் திருத்திவிட்டு எண்ணைக் கூட்ட மறந்தால், முதன்மை வழங்கி புதிய விடையையும் துணை வழங்கிகள் பழைய விடையையும் சொல்லிக்கொண்டிருக்கும். ஒரே பெயருக்கு ஒரு நேரம் ஒரு முகவரி, மறு நேரம் வேறு முகவரி வருகிறது என்று புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். ஆண்டு, மாதம், நாள், அன்றைய திருத்தத்தின் வரிசை என்று பத்து இலக்கங்களில் எழுதும் முறையை ஆர்எஃப்சி 1912 பரிந்துரைக்கிறது. நடைமுறையிலும் அதுவே பரவலாக உள்ளது. வரிசைக்கு மூன்று இலக்கம் தரலாமே என்று பதினோராவது இலக்கத்தைச் சேர்க்க இடமில்லை. எண் 32 பிட்டுக்குள், அதாவது 4294967295க்குள் அடங்க வேண்டும்.

தவறுதலாக மிகப் பெரிய எண்ணை வெளியிட்டுவிட்டால் வெறுமனே குறைத்து எழுதுவது பயன் தராது. துணை வழங்கிகள் சிறிய எண்ணைப் பழையது என்று புறக்கணித்துவிடும். இந்த எண்கள் ஒரு வட்டத்தில் சுற்றுவதாகவே ஒப்பிடப்படுகின்றன என்பதால், ஒரே தாவலில் 2147483647 வரை முன்னேறலாம். அந்தக் கணக்கைக் கொண்டு வட்டத்தைச் சுற்றி வந்துதான் சரிசெய்ய வேண்டும். 2025061001 என்பதற்குப் பதிலாக 2205061001 என்று தட்டிவிட்டதாகக் கொள்வோம். அதோடு 2147483647ஐக் கூட்டினால் 4352544648 வரும். அது உச்சவரம்பைத் தாண்டுவதால் 4294967296ஐக் கழித்தால் 57577352 கிடைக்கும். முதலில் இந்த எண்ணை இட்டு மறுபடி ஏற்றி, எல்லாத் துணை வழங்கிகளும் அதைப் பெற்றுக்கொண்டதை உறுதி செய்யுங்கள். அதன் பிறகு 2025061002 என்று எழுதினால் அது 57577352ஐ விடப் புதியதாகவே கொள்ளப்படும். நடுவில் ஒரு துணை வழங்கி பின்தங்கியிருக்கும்போது இரண்டாம் படியை எடுத்தால், அந்த ஒன்று மட்டும் பழைய பெரிய எண்ணிலேயே நின்றுவிடும்.

மற்ற எண்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். புதுப்பிப்பு இடைவெளி என்பது துணை வழங்கி எத்தனை நொடிக்கு ஒருமுறை வந்து எண்ணைச் சரிபார்க்க வேண்டும் என்பது. முதன்மை வழங்கி மாற்றத்தை உடனுக்குடன் அறிவிக்கும் 'நோட்டிஃபை' வசதி இருப்பதால் இதைக் குறைத்து வைக்கத் தேவையில்லை. அப்படி வந்தும் தொடர்பு கிடைக்காவிட்டால் எவ்வளவு நேரத்தில் மறுபடி முயல்வது என்பது மறுமுயற்சி இடைவெளி. காலாவதி என்பது தொடர்பே இல்லாமல் எத்தனை நாள் வரை துணை வழங்கி விடையளிக்கலாம் என்பதன் எல்லை; அது கடந்தால் அந்த வழங்கி ஸோனுக்கு விடை சொல்வதையே நிறுத்திவிடும். ஆர்எஃப்சி 1912 இதற்கு இரண்டு முதல் நான்கு வாரங்களைச் சொல்கிறது. 1209600 நொடிகள் என்பது இரண்டு வாரம்.

கடைசி எண்ணின் பொருள் காலப்போக்கில் மாறியிருக்கிறது. 1998இல் வந்த ஆர்எஃப்சி 2308க்குப் பிறகு, 'அப்படி ஒரு பெயர் இல்லை' என்ற விடையை ரிசால்வர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்பதையே அது குறிக்கிறது. ஒரு மணி முதல் மூன்று மணி நேரம் வரை வைப்பது நன்றாக வேலை செய்கிறது என்றும், ஒரு நாளுக்கு மேல் போனால் சிக்கல் என்றும் அந்த ஆவணமே சொல்கிறது. புதிய பெயர் ஒன்றைச் சேர்க்கப் போகிறீர்கள் என்றால், சேர்ப்பதற்கு முன்பே உலாவியில் அடித்துப் பார்க்காதீர்கள். பார்த்தால் 'இல்லை' என்ற விடை உங்கள் ரிசால்வரில் தங்கிவிடும். பிறகு கோப்பு சரியாக இருந்தும் ஒரு மணி நேரம் தலையைச் சொறிந்துகொண்டிருக்க நேரிடும்.

என்எஸ் பதிவுகள்

ஸோனுக்கு விடையளிக்கும் எல்லா வழங்கிகளையும் என்எஸ் பதிவுகளில் குறிப்பிட வேண்டும். டொமைனைப் பதிவு செய்த நிறுவனத்திடம் கொடுத்துள்ள பட்டியலும் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். வழங்கியின் பெயர் அந்த டொமைனுக்குள்ளேயே அமைந்திருந்தால், அதன் முகவரியை அறிய அந்த வழங்கியிடமே போக வேண்டிய சுழல் உருவாகும். அதனால் மேல்நிலை ஸோனில் அதன் ஐபி முகவரியையும் சேர்த்துப் பதிய வேண்டும். இதற்குக் 'குளூ' பதிவு என்று பெயர். வழங்கியின் முகவரியை மாற்றும்போது நம் கோப்பை மட்டும் திருத்திவிட்டு, பதிவு நிறுவனத்திடம் உள்ள குளூவை மறந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. என்எஸ், எம்எக்ஸ் பதிவுகளின் வலப்பக்கத்தில் ஐபி முகவரியையோ சிநேம் ஆக இருக்கும் பெயரையோ இடக் கூடாது.

இரண்டு வழங்கிகள் வைத்தால் மட்டும் போதாது. அவை வெவ்வேறு வலையமைப்புகளிலும், கூடுமானால் வெவ்வேறு ஊர்களிலும் இருக்க வேண்டும். 2001 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் இணையதளங்கள் எட்டாமல் போனபோது அதன் பெயர் வழங்கிகள் அனைத்தும் ஒரே வலையமைப்பின் பின்னால் இருந்தன. ஒரு ரூட்டரின் அமைப்பில் செய்த மாற்றம் எல்லாவற்றையும் ஒருசேர மறைத்துவிட்டது. ஒரே அறையில் ஒரே மின் இணைப்பில் இரண்டு வழங்கிகளை வைத்துக்கொண்டு துணை இருக்கிறது என்று எண்ணிக்கொள்வதும் அது போன்றதே.

சிநேம், எம்எக்ஸ், டிஎக்ஸ்டி

சிநேம் என்பது ஒரு பெயரை மற்றொரு பெயரின் மாற்றுப்பெயராக்குவது. சிநேம் இருக்கும் பெயரில் வேறு எந்த வகைப் பதிவும் இருக்கக் கூடாது. டிஎன்எஸ்செக் கையொப்பம், அதாவது விடை போலியல்ல என்று உறுதி செய்யும் முறை, தொடர்பான பதிவுகள் மட்டும் விலக்கு. ஸோனின் தலைப்பெயரில் எஸ்ஓஏவும் என்எஸ்ஸும் கட்டாயம் இருப்பதால் அங்கே சிநேம் இட முடியாது. இதை மீறினால் பைண்ட் கோப்பையே ஏற்காது என்பது ஒரு வகையில் நல்லதே.

எம்எக்ஸ் பதிவில் உள்ள எண் முன்னுரிமை. சிறிய எண்ணுக்கே முதலிடம். அஞ்சல் வழங்கியின் பெயருக்கு ஏ பதிவு இருக்க வேண்டும் என்பதோடு, அதன் ஐபி முகவரிக்குத் தலைகீழ்ப் பதிவும் அமைக்க வேண்டும். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் தன் பயனர்களுக்கு அஞ்சல் அனுப்பும் வழங்கிகளுக்கு முன்னும் பின்னும் பொருந்தும் டிஎன்எஸ் பதிவுகளைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

டிஎக்ஸ்டி பதிவுகளில்தான் முன்பு சொன்ன அரைப்புள்ளிக் குழப்பம் வெளிப்படுகிறது. போலி அஞ்சலை என்ன செய்ய வேண்டும் என்று பெறுபவருக்குச் சொல்லும் டிமார்க் கொள்கையின் மதிப்பு 'வி=டிமார்க்1; பி=ரிஜெக்ட்' என்பது போல அரைப்புள்ளியோடு வரும். அதை இரட்டை மேற்கோளுக்குள் இடாமல் எழுதினால், அரைப்புள்ளிக்குப் பின்னால் உள்ள கொள்கை முழுதும் குறிப்புரையாகக் கருதப்பட்டு மறைந்துவிடும். வெறும் 'வி=டிமார்க்1' மட்டும் வெளியாகும், கோப்பும் பிழையின்றி ஏறும். எனவே டிஎக்ஸ்டி மதிப்பு எதுவானாலும் மேற்கோளுக்குள் இடுங்கள். ஒரு மேற்கோளுக்குள் 255 பைட்டுக்கு மேல் அடங்காது என்பதால், அஞ்சலின் கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் 2048 பிட் டிகிம் சாவி போன்ற நீண்ட மதிப்புகளை இரண்டு மூன்று மேற்கோள் துண்டுகளாக்கி அடைப்புக்குறிக்குள் அடுத்தடுத்து வைக்க வேண்டும். பெறுபவர் அவற்றை இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொள்வார். டொமைனின் பெயரில் அஞ்சல் அனுப்ப எந்த வழங்கிகளுக்கு உரிமை என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவு ஒரு பெயருக்கு ஒன்றே இருக்கலாம். புதிய அஞ்சல் சேவையைச் சேர்க்கும்போது இரண்டாவது வரி எழுதாமல், இருக்கும் வரிக்குள்ளேயே இணையுங்கள்.

.இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் ஆகியவற்றின் கீழ் தமிழிலேயே டொமைன் வைத்திருப்பவர்கள், கோப்பில் தமிழ் எழுத்தை நேரடியாக இடாமல், 'எக்ஸ்என்' என்ற எழுத்துகளும் இரட்டை இடைக்கோடும் கொண்டு தொடங்கும் மாற்று வடிவத்தை இட வேண்டும். 'ஐடிஎன்2' என்ற கட்டளை அந்த மாற்றத்தைச் செய்யும். புள்ளிகளுக்கு இடைப்பட்ட ஒரு பகுதிக்கு 63 பைட் என்ற வரம்பு இந்த மாற்று வடிவத்துக்கே பொருந்துவதால், நீளமான தமிழ்ப் பெயரைத் தேர்வதற்கு முன் மாற்றிப் பார்த்துவிடுவது நல்லது.

தலைகீழ் ஸோன்

ஐபி முகவரியிலிருந்து பெயரை அறிவதற்கான ஸோனில் முகவரியின் பகுதிகள் பின்னிருந்து முன்னாக எழுதப்படும். 192.0.2 என்று தொடங்கும் முகவரிகளுக்கான ஸோனின் பெயர் 2.0.192.இன்-அட்ர்.அர்ப்பா. அதற்குள் 20 என்ற பெயரில் பிடிஆர் பதிவு எழுதி, வலப்பக்கம் மெயில்.உதாரணம்.காம். என்று இட வேண்டும். புள்ளியை விட்டால் பின்னால் ஒட்டிக்கொள்வது 2.0.192.இன்-அட்ர்.அர்ப்பா என்பதால் விடை பார்க்கவே விநோதமாக இருக்கும். அப்படி இருந்தும் யாரும் கண்ணால் பார்ப்பதில்லை என்பதால், இந்தப் பிழை தலைகீழ் ஸோன்களில் நெடுங்காலம் வாழ்கிறது.

இந்த ஸோன் உங்கள் கையில் இருக்குமா என்பது முகவரிகள் எப்படித் தரப்பட்டன என்பதைப் பொறுத்தது. 256 முகவரிகளுக்குக் குறைவாகப் பெற்றவர்களுக்குப் பொதுவாக இணையச் சேவை நிறுவனமே பதிவைச் செய்து தரும், அல்லது ஆர்எஃப்சி 2317 சொல்லும் முறையில் சிநேம் வழியாக ஒப்படைக்கும். பதிவு நிறுவனத்தின் பலகையில் எவ்வளவு தேடினாலும் இது கிடைக்காது. கேட்க வேண்டிய இடம் இணைய இணைப்பு தருபவர்.

சரிபார்த்தலும் ஏற்றுதலும்

கோப்பைச் சேமித்ததும் 'நேம்டு-செக்ஸோன்' கட்டளையை ஸோனின் பெயர், கோப்பின் பெயர் என்ற வரிசையில் கொடுத்து இயக்குங்கள். எல்லாம் சரி என்றால் ஏற்றப்பட்ட சீரியல் எண்ணைச் சொல்லி 'ஓகே' என்று முடியும். என்எஸ் பதிவிலோ எம்எக்ஸ் பதிவிலோ புள்ளி விடுபட்டிருந்தால், இரட்டிப்பான பெயருக்கு முகவரி இல்லை என்று அது சுட்டிக்காட்டும். சிநேம், பிடிஆர் பதிவுகளின் வலப்பக்கத்தில் விடுபட்டிருந்தாலோ, டிஎக்ஸ்டியில் பாதி மறைந்திருந்தாலோ அது ஒன்றும் சொல்லாது. அதனால்தான் 'ஓகே' என்பதோடு நின்றுவிடக் கூடாது.

அதே கட்டளையை பெரிய எழுத்து -டி தேர்வுடன் இயக்கினால், சுருக்கங்கள் எல்லாம் விரிந்து, ஒவ்வொரு வரியிலும் முழுப்பெயரும் டிடிஎல்லும் இடப்பட்ட வடிவில் ஸோன் திரையில் வரும். வழங்கி உங்கள் கோப்பை எப்படிப் புரிந்துகொண்டது என்பதன் வாக்குமூலம் இது. திருத்தத்துக்கு முன் எடுத்த விரிந்த வடிவத்தையும் பின் எடுத்ததையும் 'டிஃப்' கட்டளையால் ஒப்பிட்டுப் பாருங்கள். நீங்கள் மாற்ற நினைத்த வரிகளும் எஸ்ஓஏ வரியும் மட்டுமே வேறுபட வேண்டும். புள்ளி விடுபட்டது, வெற்றிட வரி இடம் மாறியது, மேற்கோள் இல்லாமல் கொள்கை மறைந்தது ஆகிய மூன்றும் இந்த ஒப்பீட்டில் தப்பாது.

பிறகு 'ஆர்என்டிசி ரீலோட்' கட்டளைக்கு ஸோனின் பெயரைக் கொடுத்து ஏற்றுங்கள். வழங்கியையே நிறுத்தித் தொடங்க வேண்டியதில்லை. ஏற்றியதும் பைண்ட் எழுதும் நிகழ்வுப் பதிவேட்டை (லாக்) படியுங்கள். கோப்பில் பிழை இருந்தால் பைண்ட் நினைவகத்தில் உள்ள பழைய வடிவத்தைக் கொண்டே விடையளித்துக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் நலமாகவே தெரியும். சில வாரங்கள் கழித்து மின்வெட்டாலோ மென்பொருள் மேம்படுத்தலாலோ வழங்கி மறுபடி தொடங்கும்போதுதான் அந்த ஸோன் ஏறாமல் முழு டொமைனும் விழும். அன்று கோப்பைத் தொட்டவர் யார் என்பதே நினைவில் இருக்காது.

கடைசியாக 'டிக்' கட்டளையால் ஒவ்வொரு வழங்கியையும் தனித்தனியே, @ குறியோடு அதன் முகவரியைக் குறிப்பிட்டு, '+நோரிகர்ஸ்' தேர்வுடன் கேளுங்கள். விடையின் கொடிகளில் 'ஏஏ' இருந்தால்தான் அது அதிகாரபூர்வமான விடை. '+டிசிபி' தேர்வுடனும் ஒருமுறை கேட்டுவிடுங்கள். தீச்சுவரில் (ஃபயர்வால்) யூடிபி 53ஐ மட்டும் திறந்துவிட்டு டிசிபி 53ஐ மூடி வைத்திருந்தால், பெரிய விடைகளும் துணை வழங்கிக்கான நகலும் அங்கேயே தடைபடும். '+என்எஸ்சர்ச்' தேர்வு எல்லா வழங்கிகளின் எஸ்ஓஏவையும் ஒரே முறையில் காட்டும். அவற்றில் சீரியல் எண் ஒன்றாக இருக்க வேண்டும். துணை வழங்கியில் சேமிக்கப்பட்டுள்ள ஸோன் கோப்பைத் திறந்து பார்த்துப் புரியாத குறிகள் வந்தால் பதற வேண்டாம். பைண்ட் 9.9 முதல் துணை வழங்கிகள் கோப்பை இயல்பாக இரும வடிவில்தான் சேமிக்கின்றன.

முகவரி மாற்றமும் தானியங்கி ஸோன்களும்

இணையதளத்தை வேறு வழங்கிக்கு மாற்றும் நாளில் டிடிஎல்லைக் குறைப்பதில் பயனில்லை. 86400 என்று இருந்த பதிவை உலகம் ஏற்கெனவே ஒரு நாளுக்குச் சேமித்து வைத்திருக்கும். எனவே குறைந்தது ஒரு நாள் முன்பே அதை 300 ஆக்கி ஏற்றி, பழைய டிடிஎல் முழுதும் கழிந்த பிறகு முகவரியை மாற்றுங்கள். புதிய இடம் நிலைபெற்றதும் டிடிஎல்லைப் பழையபடி உயர்த்திவிடுங்கள். உயர்த்தாவிட்டால் கேள்விகளின் எண்ணிக்கை காரணமில்லாமல் கூடிக்கொண்டே போகும்.

கணினிகளுக்குத் தானாக ஐபி முகவரி தரும் டிஹெச்சிபி வழங்கியோ சான்றிதழ் எடுக்கும் நிரலோ தானாகப் பதிவுகளைச் சேர்க்கும் ஸோனாக இருந்தால் அந்தக் கோப்பைக் கையால் தொடாதீர்கள். அண்மைய மாற்றங்கள் ஜேஎன்எல் என்று முடியும் தனிக் கோப்பில் இருக்கும். ஸோன் கோப்பில் அவை இன்னும் எழுதப்படாமல் இருக்கலாம். தொட்டே ஆக வேண்டுமென்றால் முதலில் 'ஆர்என்டிசி ஃப்ரீஸ்' கொடுத்து மாற்றங்களைக் கோப்பில் எழுதவைத்து, திருத்தி, எண்ணைக் கூட்டி, 'ஆர்என்டிசி தா' கொடுத்து விடுவிக்க வேண்டும். இத்தகைய ஸோன்களுக்கு 'என்எஸ்அப்டேட்' கட்டளையே ஏற்றது. அதைப் பயன்படுத்தினால் சீரியல் எண்ணையும் பைண்டே கூட்டிக்கொள்ளும். டிஎன்எஸ்செக் கையொப்பத்தைத் தனி நகலில் பைண்டே இடும்படி அமைத்திருந்தால், கோப்பை வழக்கம்போலக் கையால் திருத்தலாம். அப்போது டிக் காட்டும் சீரியல் எண் கோப்பில் உள்ளதை விடப் பெரிதாக இருக்கும்; கையொப்பம் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் அந்த நகலின் எண் தனியே கூடுவதுதான் காரணம்.